ஹெல்மெட் போட்டாச்சு, கால்ல என்ன?

போன வாரம் சித்தி பையன் கூட ஒரு கடைக்குப் போனேன். பையன் புதுசா 350 சிசி வண்டி எடுத்திருக்கான். ஹெல்மெட் வாங்கியாச்சு, கிளவுஸ் வாங்கியாச்சு. "அண்ணே, ஷூ மட்டும் நீங்க வந்து பாத்து சொல்லுங்க"ன்னு கூப்பிட்டான்.

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து டேபிள் மேல வெச்சார். கறுப்பு கலரு, சைடுல சிவப்புக் கோடு. பாக்க ஜோராத்தான் இருந்தது. "இதான் சார் ரைடிங் ஷூ. சிஇ சர்டிஃபைடு"ன்னார். சிஇன்னா ஐரோப்பாவோட தர முத்திரை. விலை நாலாயிரத்துக்குப் பக்கத்துல.

நான் கையில வாங்கி, முன்பக்கத்தை ஒரு கையிலயும் குதிகாலை ஒரு கையிலயும் புடிச்சு முறுக்கினேன். ஈரத்துணியைப் பிழியுற மாதிரி சுத்துது. குதிகால்ல கட்டைவிரலை வெச்சு அமுக்கினா விரல் உள்ள போயிடுது. "சிஇ எங்கங்க போட்டிருக்கு?"ன்னு கேட்டேன். கணுக்கால் பக்கம் உள்ள சொருகியிருந்த ஒரு சின்ன பேடை வெளிய இழுத்துக் காட்டினார். முத்திரை அந்த பேடுல இருந்தது. அதுக்கு மட்டும்தான். ஷூவுல எங்கயும் இல்ல!

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. இருபத்திரண்டு வயசுப் பையன், நம்பி வாங்கிட்டுப் போவான். போட்டிருக்கோம்ங்கிற தைரியத்துல ஓட்டுவான். வேண்டாம்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டோம். வீட்டுக்கு வந்தும் ஆறல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

(நீளமா போகும். டீ போட்டு வெச்சுக்கங்க.)

வண்டி ஓட்டும்போது நம்ம உடம்புல ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது பாதம்தான். சிக்னல்ல ஊனுறது அது. பார்க்கிங்ல பின்னாடி தள்ளுறதும் அது. கியர் இடது கால்ல, பின் பிரேக்கு வலது கால்ல. வண்டி லேசா சாஞ்சா, நாம யோசிக்கிறதுக்குள்ள கால் தானா கீழ போயிடும். அது மேல என்ன விழுதுன்னு பாருங்க. ஸ்ப்ளெண்டர்னா 112 கிலோ கிட்ட. கிளாசிக் 350ன்னா 195 கிலோ. விழுந்த வண்டிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல முதல்ல மாட்டுறது கணுக்கால்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைப்படி 2022ல நாட்டுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. இது உயிர் போன கணக்கு. கணுக்கால் ஒடைஞ்சு மாவுக்கட்டோட மாசக்கணக்கா வீட்டுல கெடந்தவங்க எத்தனை பேர், அப்புறமும் படி ஏற முடியாம நொண்டுறவங்க எத்தனை பேர்னு அதுல பாக்க முடியாது. உங்க தெருவுலயே ஒருத்தர் இருப்பார், விசாரிச்சுப் பாருங்க.

சட்டம் இதுல நமக்கு ஒண்ணும் சொல்லல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 129வது பிரிவு ஹெல்மெட்டோட நிக்குது. 2019 செப்டம்பர்ல அபராதத்தை எல்லாம் ஏத்தினப்போ, செருப்பு போட்டு ஓட்டினா ஃபைன்னு வாட்ஸ்அப்ல பறந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்படி எந்த விதியும் இல்லன்னு அமைச்சர் நிதின் கட்கரி ஆபீஸ்ல இருந்தே விளக்கம் சொன்னாங்க. பிரான்ஸ்ல 2016ல இருந்து கிளவுஸ் கட்டாயம். நம்ம ஊர்ல பாதத்தைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. நாமளே பாத்துக்கிட்டாதான் உண்டு.

எனக்கு இதுல இவ்வளவு அக்கறை வந்ததுக்குக் காரணம் ஒரு சினேகிதன். செஞ்சி பக்கம் ஒரு கிராமத்து ரோடு. ரோட்டுல உளுந்துச் செடியைப் பரப்பி வெச்சிருந்தாங்க, வண்டிங்க ஏறி ஏறி மணி உதிரட்டும்னு. நம்ம பக்கம் சீசன்ல சகஜமா பாக்கிறதுதான். முன்னாடி போன ரெண்டு வண்டியில ஒண்ணு அவனோடது. நான் பின்னாடி. பெரிய ஸ்பீடு ஒண்ணும் இல்ல. செடி மேல முன்சக்கரம் ஏறினதும் வண்டி வழுக்கிட்டு இடது பக்கம் படுத்துடுச்சு. அவன் இடது கால் வண்டிக்கு அடியில. அப்படியே கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு.

நாங்க ஓடிப்போய் வண்டியைத் தூக்கினோம். கால்ல கணுக்கால் வரைக்கும் மூடுற ரைடிங் பூட். வெளிப்பக்கம் கணுக்கால் எலும்புக்கு நேரா இருந்த பிளாஸ்டிக் தகடுல வரிவரியா ஆழமான கீறல். கறுப்பு தேஞ்சு உள்ள வெள்ளை தெரியுது. கீறலுக்குள்ள ஜல்லித்தூள் மாட்டியிருந்தது. சோலோட ஓரத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு ரப்பர் பிஞ்சிருந்தது. ஜிப்பைத் திறந்து காலை வெளிய எடுத்தோம். சாக்ஸ் கூட கிழியல! கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்துல உளுந்தைப் புரட்டிட்டிருந்த ஒரு அம்மா தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. அவன் குடிச்சுட்டு, எழுந்து நடந்து பாத்தான். நடந்தான்.

அந்தத் தகட்டுல தேஞ்ச இடத்துல எலும்பு இருந்திருந்தா?

அன்னையில இருந்து கடைக்குப் போனா நான் முதல்ல பாக்கிறது கணுக்காலைத்தான். டிசைன், கலரு, பிராண்டு எல்லாம் அப்புறம்.

நம்மள்ல முக்காவாசி பேர் ஓட்டுறது ரப்பர் செருப்புலதான். வெயில் ஊரு, வீட்டு வாசல்ல கழட்டணும், கோயில்ல கழட்டணும், சில கடையில கூட கழட்டணும். காரணம் புரியுது. ஆனா வண்டியில அது என்னென்ன செய்யும்னு பாருங்க. கியரை மேல தூக்கும்போது லீவர் நேரா கால்விரல்ல உரசும். மழையில ஃபுட்ரெஸ்ட்ல வழுக்கும். செருப்போட முன்பக்கம் மடங்கி பிரேக் பெடலுக்கு அடியில போய் சொருகிக்கும். நீங்க பிரேக்குனு மிதிக்கிறது பாதி செருப்பையா இருக்கும். விழுந்தா உடம்பை விட்டு முதல்ல பறக்கிறதும் அதுதான். விபத்து நடந்த இடத்துல எல்லாம் ரோட்டு நடுவுல ஒத்தைச் செருப்பு கெடக்குமே, பாத்திருப்பீங்க.

பின்னாடி வார் வெச்ச சேண்டல்னா கழண்டு போகாது, அந்த அளவுக்குத் தேவலை. ஆனா விரல் பூராவும் வெளிய.

ஸ்போர்ட்ஸ் ஷூ? நடக்க, ஓட அருமை. மேல இருக்கிறது வலைத்துணி. தார் ரோட்டுல தேய்ச்சா நிக்காது. சோலும் மெத்துனு இருக்கும், ரெண்டு பக்கமும் அமுங்கும். செருப்புக்கு இது நூறு மடங்கு மேல், மறுக்கல. இப்ப கையில காசில்லைன்னா தாராளமா இதைப் போட்டு ஓட்டுங்க. பாதுகாப்புன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.

ஆபீஸ் லெதர் ஷூ போட்டு ஓட்டுறவங்களுக்கு அந்த இடது கால் கறுப்புத் தழும்பு தெரியும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கியர் லீவர் பட்ட இடம் மட்டும் மங்கிக் கெடக்கும். தோல் நல்ல தோலாத்தான் இருக்கும். அடியிலதான் பிரச்சனை. வழவழன்னு இருக்கிற சோல், சிக்னல்ல டீசல் சிந்தின இடத்துல ஊனினா சர்ருனு போகும்.

சேஃப்டி ஷூ பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நிறைய பேர் என்கிட்ட கேக்கிறது இதைத்தான். கம்பெனியில, சைட்டுல வேலை பாக்கிறவங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கும். விலையும் கம்மி. ஹார்டுவேர் கடையிலயே ஆயிரம் ரூபாயச் சுத்தி கிடைக்குது. உள்ள ஐஎஸ் 15298ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அதோட ரெண்டாம் பாகத்துல வர்ற ஷூன்னா முன்னாடி இருக்கிற கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கணும். இருபது கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விரல் மேல போட்ட மாதிரின்னு வெச்சுக்கங்க. எண்ணெய் பட்ட தரையிலயும் புடிமானம் நல்லா இருக்கும்.

"இரும்புத் தகடு மடங்கி விரலை வெட்டிடும்"னு பயமுறுத்துவாங்க. மித்பஸ்டர்ஸ்னு டிவி நிகழ்ச்சி வந்துச்சே, அதுல இதை வேலை மெனக்கெட்டு சோதிச்சுப் பாத்தாங்க. அப்படி வெட்டல. தகடு மடங்குற அளவுக்கு எடை விழுந்தா தகடு இல்லாத கால் கூழாயிடும்.

என் மனக்குறை வேற. அந்தக் கவசம் விரலுக்கு மட்டும்தான். கம்பெனியில மேல இருந்து பொருள் விழும், அதுக்குன்னு செஞ்சது. வண்டியில அடி பக்கவாட்டுல வரும். பாதி சேஃப்டி ஷூ கணுக்காலுக்குக் கீழயே முடிஞ்சிடும். இன்னொண்ணு, முன்பக்கம் தடிமனா இருக்கிறதால கியர் லீவருக்கு அடியில நுழையாது. நானும் கொஞ்ச நாள் போட்டு ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவை கியர் மாத்தவும் காலையே தூக்க வேண்டியிருந்தது. ஸ்ப்ளெண்டர் மாதிரி முன்னாடியும் பின்னாடியும் மிதிக்கிற லீவர் இருந்தா இந்தத் தொல்லை இல்ல. குதிகாலால மிதிச்சுக்கலாம். அப்படி வண்டி வெச்சிருக்கிறவங்க, ரைடிங் பூட்டுக்குக் காசு சேர்ற வரைக்கும், கணுக்காலை மூடுற உயரத்துல சேஃப்டி பூட் வாங்கிப் போட்டா நான் சந்தோஷப்படுவேன்.

ட்ரெக்கிங் பூட்டும் அப்படித்தான். கணுக்கால் உயரம், கெட்டி சோல், நல்ல புடிமானம். ஆனா கணுக்கால்ல இருக்கிறது பஞ்சும் துணியும்தான், கெட்டியான எதுவும் இல்ல. ஆம்பூர் பக்கம் போனா ஏற்றுமதிக்குச் செஞ்ச தோல் பூட்டுங்க சகாய விலைக்குக் கிடைக்கும். தோல் அவ்வளவு அருமையா இருக்கும், தடவிக்கிட்டே நிக்கலாம். அதையும் இதே கணக்குல சேருங்க. உரசலுக்குத் தாங்கும், நசுக்கினா தாங்காது.

இப்ப ரைடிங் பூட்.

இத்தாலியில அசோலோ, மோன்டெபெல்லூனான்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஊர். மலையடிவாரம். மலையேறுறதுக்கும் பனிச்சறுக்குக்கும் பூட் செஞ்ச கைங்க அங்க. 1963ல அசோலோல சான்டே மட்ஸரோலோன்னு ஒரு தோல் தொழிலாளி மலையேற்றப் பூட் செய்ய ஆரம்பிச்சார். மோட்டோகிராஸ் பந்தயம் ஓட்டுறவங்க காலைப் பாத்துட்டு அவங்களுக்கும் செஞ்சார். அதுதான் ஆல்பைன்ஸ்டார்ஸ் கம்பெனி. அதே வட்டாரத்துலதான் சிடி, டிசிஎக்ஸ் கம்பெனிங்களும். மலைக்குச் செஞ்ச கெட்டித்தனத்தை வண்டிக்குத் திருப்பினதுதான் இன்னைய ரைடிங் பூட்.

உள்ள என்ன இருக்குன்னா: விரல் பக்கமும் குதிகால் பக்கமும் கெட்டியான கிண்ணம். சோலுக்குள்ள நீளவாக்குல ஒரு தகடு. கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் காப்பு (உள்பக்கத்தை மறந்துடாதீங்க, அது இன்ஜின்ல போய் இடிக்கும்). இடது காலு மேல கியருக்குன்னு ஒரு தடிச்ச பட்டை. நல்ல பூட்டுல வலது காலுக்கும் அதே பட்டையைப் போட்டிருப்பாங்க, ஜோடியா தெரியட்டும்னு.

இதுக்கெல்லாம் ஐரோப்பாவுல ஒரு தரம் வெச்சிருக்காங்க. ஈஎன் 13634. இதை மட்டும் எழுதி வெச்சுக்கங்க. பூட்டோட நாக்கைத் தூக்கினா உள்ள ஒரு லேபிள் இருக்கணும். அதுல ஒரு சின்ன பைக் ஓட்டுறவர் படம், கீழ ஈஎன் 13634:2017, அப்புறம் நாலு எண். ஒவ்வொண்ணும் 1 இல்லன்னா 2. வரிசையா: பூட்டோட உயரம், ரோட்டுல உரசினா எவ்வளவு தாங்கும், கூரான பொருள் வெட்டினா எவ்வளவு தாங்கும், பக்கவாட்டுல நசுக்கினா எவ்வளவு தாங்கும். 2ன்னா கூடுதல். நான் முதல்ல பாக்கிறது கடைசி எண். வண்டி மேல விழுறப்போ பேசுறது அதுதான்.

பக்கத்துல ஐபிஏன்னு இருந்தா கணுக்கால் காப்பைத் தனியா சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஐபிஎஸ்னா முன்காலு. டபிள்யூஆர்னா தண்ணி. எஃப்ஓன்னா சோல் எண்ணெய்க்குக் கெடாது. இந்த எழுத்தெல்லாம் கட்டாயம் இல்ல, அந்தச் சோதனைக்கு அனுப்பியிருந்தாத்தான் போடுவாங்க. அதனால கடையில "சிஇ இருக்கு சார்"னு சொன்னா விட்டுடாதீங்க. எதுக்கு சிஇ? முழு பூட்டுக்கா, உள்ள சொருகின பேடுக்கா? கேளுங்க. லேபிளைக் காட்டச் சொல்லுங்க. இதுல கூச்சமே படாதீங்க.

லேபிளே இல்லாத கடையில நின்னுட்டிருக்கீங்களா? கை இருக்கே. நான் செய்யுறது இதுதான். முன்னாடி பின்னாடி புடிச்சு முறுக்குவேன். சுத்தக் கூடாது. அப்புறம் பாதத்தோட அகலமான இடத்துல ரெண்டு கையாலயும் சோலோட ரெண்டு ஓரத்தையும் உள்பக்கமா நெருக்குவேன். மடங்கக் கூடாது. குதிகாலைக் கட்டைவிரலால அமுக்குவேன். கடைசியா பூட்டை மாட்டி, இறுக்கிட்டு, கடைப் பையனை விட்டு குதிகாலைப் புடிச்சு நல்லா இழுக்கச் சொல்லுவேன். கழண்டா வேண்டாம். விலை என்னவா இருந்தாலும் வேண்டாம். விழுறப்போ கழண்டு பறக்கிற பூட்டும் செருப்பும் ஒண்ணுதான்.

சைஸ் விஷயத்துல நமக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கு. நம்ம பாதம் அகலம். இத்தாலிக்காரங்க பூட் ஒடுக்கம். அகலம் பத்தலைன்னு நாம ஒரு சைஸ் பெருசா வாங்கிடுவோம். நடக்க வசதியாத்தான் இருக்கும். ஆனா பூட் நீளமாகுறப்போ கணுக்கால் காப்பு எலும்புக்கு நேரா உக்காராம தள்ளிப் போயிடும். காப்பு இருந்தும் இல்லாத கதை. நம்ம அடையாறுல இருக்கே சிஎல்ஆர்ஐ, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அவங்க 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பாதத்தை அளந்தாங்க. இந்தியப் பாதம் பொதுவா அகலம்னு அதுலயே வந்துடுச்சு. நமக்குன்னு "பா"ன்னு ஒரு தனி சைஸ் முறையும் தயார் பண்ணினாங்க. அது கடை கடையா வந்து சேரணும், முக்கியமா பூட்டுக்கு வரணும்னு நான் ரொம்ப ஆசையா காத்திருக்கேன்.

அதுவரைக்கும்: சாயங்காலமா போங்க, அப்பதான் பாதம் லேசா வீங்கியிருக்கும். ஓட்டுறப்போ போடுற சாக்ஸையே போட்டுட்டுப் போங்க. மாட்டிக்கிட்டு கணுக்கால் எலும்பை வெளியில இருந்து தட்டிப் பாருங்க, காப்புக்கு நேரா இருக்கான்னு. முடிஞ்சா வெளிய வந்து வண்டி மேல ஏறி உக்காந்து பாருங்க. நல்ல கடைக்காரர் விடுவார். ராய்டா, ஓராஸோ மாதிரி நம்ம நாட்டு பிராண்டுங்க இப்ப அகலமா செய்யுறாங்க, ஐயாயிரம் எட்டாயிரத்துக்குள்ள கணுக்கால் உயரத்துல நல்ல பூட் கிடைக்குது. வெளிநாட்டு பூட்டுக்குப் போனா அதுல ரெண்டு மூணு மடங்கு.

முழங்கால் வரைக்கும் வர்ற பெரிய பூட்டா, கணுக்கால் உயரமா? ஹைவேல அடிக்கடி தூரப் பயணம் போறவங்க பெருசை வாங்கலாம், முன்காலு எலும்பும் மூடும். எனக்குக் கேட்டா, ஊருக்குள்ள தினமும் ஓட்டுறவங்க கணுக்கால் உயரத்தை வாங்குங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு, தினமும் போடுவீங்க. பெரிய பூட்டை மூணு பக்கிள் போட்டு மாட்டிக்கிட்டு யாரும் பால் பாக்கெட் வாங்கப் போறதில்ல. பால் வாங்கப் போற ரோட்டுலயும் நாய் குறுக்க வரும்.

இதே காரணத்துக்காகத்தான் நான் சைடு ஜிப் வெச்ச பூட்டையே சொல்லுவேன். நாம ஒரு நாளைக்கு எத்தனை வாசல்ல ஷூவைக் கழட்டுறோம்! லேஸை ஒவ்வொரு தடவையும் அவுத்துக் கட்டணும்னா நாலாவது நாள் செருப்புக்கு வந்துடுவோம். கோயிலுக்குன்னா நான் பையில ஒரு செருப்பை வெச்சுக்குவேன். ஓட்டுறது பூட்டுல, நடக்கிறது செருப்புல. (முதல் தடவை பூட்டோட பாத்துட்டு எங்கம்மா "எந்த பார்டருக்குப்பா டூட்டி போட்டிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. இப்ப அவங்களே வாசல்ல எடுத்து வெக்கிறாங்க.)

லேஸ் பூட்டுதான் புடிச்சிருக்குன்னா முடிச்சையும் காதையும் உள்ள சொருகிடுங்க. தொங்குற லேஸ் ஃபுட்ரெஸ்ட்லயோ கியர் லீவர்லயோ மாட்டிக்கும். ஓடும்போது தெரியாது. சிக்னல்ல காலை ஊனப் போறப்பதான் தெரியும், கால் வராது. வண்டியோட சேந்து நின்ன வாக்குல சாய வேண்டியதுதான்.

சோல் பத்தி ஒரு விஷயம். நம்ம கடலோர ஊருங்கள்ல இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க.

பரண்ல அட்டைப்பெட்டியில பத்திரமா வெச்சிருந்த பழைய ட்ரெக்கிங் பூட்டை ஒரு நாள் எடுத்தேன். மேல் தோல் புதுசு மாதிரியே இருந்தது. சோலை விரலால அமுக்கினா பொடிப்பொடியா உதிருது. நடந்தே தேயாத சோல்! அது பியூ சோல், பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரம் அதுக்குள்ள போய் அதோட வேதிப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும். போடாம மூடி வெச்சா இன்னும் சீக்கிரம் நடக்கும். போட்டு நடந்தா ஓரளவு ஈரம் வெளியேறும். சேஃப்டி ஷூவுல நிறைய இந்த பியூ சோல்தான். ஓட்டுறப்போ ஒரு சிக்னல்ல ஊனின நேரத்துல சோல் பாதி கழண்டு நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால ரப்பர் சோலா பாத்து வாங்குங்க. வருஷக்கணக்கா கடையிலயே கெடந்த பழைய ஸ்டாக்கை ஆஃபர்ல கொடுத்தா தயாரிச்ச தேதியைக் கேளுங்க. எங்க தெருமுனையில செருப்பு தைக்கிற ஐயா ஒருத்தர் இருக்கார். புது பூட் வாங்கினதும் அவர்கிட்ட ஒரு தடவை காட்டிடுவேன். ஓரத்தை விரலால தடவிப் பாத்தே தைச்சதா, வெறும் பசையான்னு சொல்லிடுவார். பசைன்னா சுத்தி ஒரு தையல் போட்டுத் தரச் சொல்லுங்க, போடுற மாதிரி சோலா இருந்தா போட்டுக் கொடுத்துடுவார்.

மழை. ஐப்பசி, கார்த்திகைல சென்னையில வண்டி ஓட்டுறவங்களுக்கு நான் ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. முதல் மழை விழுந்த அரை மணி நேரம்தான் ரொம்ப மோசம். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் சேந்து வழவழன்னு ஆயிடும். வெள்ளைக் கோட்டு மேல காலை ஊனாதீங்க. தண்ணி புகாத பூட்னா நல்லதுதான், ஆனா முழங்கால் வழியா இறங்குற தண்ணியை எந்த பூட்டும் தடுக்காது, உள்ளயே தேங்கிடும். ரெயின் பேண்ட்டை பூட்டுக்கு வெளிய விடுங்க, உள்ள சொருகாதீங்க. நனைஞ்ச பூட்ல பழைய பேப்பரைத் திணிச்சு ஃபேனுக்கு நேரா வெச்சு, பேப்பர் ஈரமானா மாத்திட்டே இருங்க. வெயில்ல நேரா வெச்சா தோல் வெடிச்சிடும்.

மே மாசத்துக்கு, உள்ள காத்து போற மாதிரி ஓட்டை வெச்ச பூட்டுங்களும் அதே ஈஎன் 13634 லேபிளோட வருது. புழுங்குதுன்னு செருப்புக்குத் திரும்புறவங்க அதைப் பாருங்க. பருத்தி சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி அப்படியே வெச்சுக்கும், சேத்துப்புண் வரும். ஓட்டப்பந்தயக்காரங்க போடுற மெல்லிசான சாக்ஸ் தேவலை.

புது பூட் வாங்கின அன்னைக்கே மெக்கானிக்கிட்ட போயிடுங்க. கியர் லீவர் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேல மாத்தித் தருவார், ரெண்டு நிமிஷ வேலை. பின் பிரேக் பெடல் உயரத்தையும் பூட்டுக்குத் தகுந்த மாதிரி வெச்சுத் தரச் சொல்லுங்க. தடிச்ச சோல்ல பிரேக் எவ்வளவு புடிக்குதுன்னு காலுக்குத் தெரிய கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் தெருவுக்குள்ளயே ஓட்டிப் பழகுங்க.

பின்னாடி உக்கார்றவங்களை மறந்துட்டே பேசிட்டிருக்கோம். அவங்க காலும் அதே வண்டியிலதான் இருக்கு. வலது பக்கம் சைலன்சர், கெண்டைக்கால்ல வட்டமா சூட்டுத் தழும்போட எத்தனை பேர்! சாரி கார்டைக் கழட்டிட்டா வண்டி அழகா இருக்குன்னு கழட்டுறவங்களைப் பாத்தா வயிறு எரியுது. பின் சக்கரத்துல பாதிக்குக் கொறையாம மூடியிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதியே இருக்கு. சேலைக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க. கால் எட்டாத குழந்தைங்க தூக்கக் கலக்கத்துல குதிகாலை ஸ்போக்ஸுக்குள்ள விட்டுடுவாங்க. குதிகால் தோலே உரிஞ்சு வர்ற காயம் அது, எலும்பு டாக்டருங்களைக் கேட்டுப் பாருங்க. குழந்தைக்குக் குதிகால் மூடின ஸ்கூல் ஷூவாவது போட்டு, கால் ஃபுட்ரெஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு வண்டியை எடுங்க. பக்கத்துல இருக்கிற கடைக்குத்தான்னாலும்.

சித்தி பையனுக்கு வேற கடையில வாங்கியாச்சு. லேபிள்ல நாலு எண்ணும் இருந்தது, கடைசி எண் 2. ஏழாயிரத்துச் சொச்சம். பாதியை நான் போட்டேன்.

இப்ப சிக்கல் அவன் அக்காவுக்கு. அவளும் தினமும் ஓஎம்ஆர்ல வண்டியிலதான் ஆபீஸ் போறா. பாதம் யூகே 4. போற கடையில எல்லாம் ஆம்பளைங்க சைஸ் 6ல இருந்துதான் ஆரம்பிக்குது. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க சார்"ங்கிறாங்க. குதிகால் கழண்டு வரும், கணுக்கால் காப்பு தள்ளிப் போகும், அதை வாங்கி என்ன செய்ய? வெளிநாட்டு பிராண்டுல பெண்களுக்குன்னு 37 சைஸ் இருக்கு, விலை அவ சம்பளத்துல பெரிய பங்கு. நம்ம ஊர் கம்பெனிங்க ரெண்டுக்கு மெயில் போட்டிருக்கேன், 4ம் 5ம் எப்ப செய்வீங்கன்னு. உங்கள்ல யாராவது அந்த சைஸ்ல, லேபிளோட, பத்தாயிரத்துக்குள்ள வாங்கியிருந்தா எந்தக் கடைன்னு சொல்லுங்க. இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போறேன்.